எண் நிற்கும் வரை

மீட்டரைத் தண்ணீரில் விட்டதும் வருகிற முதல் எண்ணை எழுதிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழில் கொடுத்த வியாதி என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் அளவைக் கூடத்தில் எனக்கு வேலை. தொழிற்சாலைகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்போம். காய்ச்சல் பார்க்கிற கருவியோ, காற்றழுத்தம் பார்க்கிற கருவியோ, தண்ணீரின் உப்பைப் பார்க்கிற கருவியோ, எது வந்தாலும் பாடம் ஒன்றுதான். சென்சாரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு, சும்மா இரு. எண் ஓடும், தயங்கும், கொஞ்சம் திரும்பி வரும். அது ஓரிடத்தில் நின்ற பிறகுதான் எழுத வேண்டும். அதற்கு முன்னால் வருகிற எண்ணில் சென்சாரின் பழைய நினைப்பும் கலந்திருக்கும்.

'செட்டில் ஆவட்டும்' என்போம் எங்கள் கூடத்தில். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திணறுவது இதில்தான். கணக்குப் போடச் சொன்னால் போடுவார்கள், ராப்பகலாகப் படிக்கச் சொன்னால் படிப்பார்கள், ஒரு மீட்டருக்கு எதிரில் சும்மா உட்காரச் சொன்னால் அவர்களால் ஆகாது. வாடிக்கையாளர்கள் அதற்கு மேல். "வெச்சா காட்டுது மேடம், எழுதிக் குடுக்க வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு இத்தினி பேஜாரு?" என்று போனில் சலித்துக்கொள்வார்கள். அவர்களிடமெல்லாம் பொறுமையாகப் பேசிப் பேசி, என் சொந்த வீட்டு வாசலில் மட்டும் பேச்சு எடுபடாமல் தோற்றுப்போனவள் நான். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மணல் பூமி. ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் நாங்கள் இருக்கிற காலனி. அப்பா முதலில் ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலிக்குப் போனார், பிறகு சாலையோர விடுதி ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். எங்களுக்கு என்று ஒரு துண்டு நிலம் வந்ததும் அவர் வீடு கட்டவில்லை. கிணறு வெட்டினார். வீடு ஓலைக் குடிசையாகவே இருந்தது, கிணற்றுக்கு உறை இறக்கியாகிவிட்டது. மாதா கோவிலிலிருந்து ஃபாதர் வந்து ஜெபம் செய்து ஆசீர்வதித்தார்.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பு அம்மா தண்ணீருக்கு ஊர்க் கிணற்றுக்குப் போவாள். போவாள் என்றால், கிணற்றடிக்கு அல்ல. கொஞ்சம் தள்ளிக் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நிற்பாள். ஊர்ப் பெண்கள் யாராவது வந்து, தங்கள் குடம் நிறைந்த பிறகு, மனம் இருந்தால் அவள் குடத்தில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். யாரும் வராவிட்டால் நிற்க வேண்டியதுதான். காத்திருப்பது எங்கள் குடும்பத்துக்கு நான் படித்து வந்த பிறகு தெரிந்த சங்கதி இல்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் அப்படி ஒரு தண்ணீர். பிறகு ஊர்க் கிணறு கரித்துப் போயிற்று. குழாய்த் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்குக் குடத்தோடு வந்தார்கள். முதலில் தயங்கி, பிறகு சகஜமாக. அப்பாவும் அம்மாவும் காலமான பின் அந்த வீடும் கிணறும் அக்கா பொறுப்பு. வருகிறவர்கள் யாரையும் அவள் நிற்க வைத்ததே இல்லை. "வாங்க, கொடத்த இப்படி வைங்க" என்று ஓடிப் போய்த் தானே இறைத்து ஊற்றுவாள். நான் முகம் சுளித்தால், "எவ்ளோ ஊத்துனாலும் அவங்க ஊத்தாதது அவங்களுக்கு ஞாபகம் வரும்டி" என்பாள். அவள் பழிவாங்கும் விதம் அது. அவளுடைய நகை, சொத்து, மரியாதை எல்லாம் அந்தக் கிணறுதான்.

எங்கள் நிலத்தை ஒட்டி இருந்த சவுக்குத் தோப்பை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். சவுக்கை வெட்டிவிட்டு ஆழ்துளைக் கிணறு போட்டார். அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் லாரிகள் வரிசை கட்டின. எல்லாம் நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போகிற தண்ணீர். அங்கே இருக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, என் கல்லூரித் தோழிகளே அங்கே இருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்பார்கள். ஆனால் மணலுக்கடியில் இருக்கிற நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல் வரும். அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் கூடத்திலிருந்து ஒரு மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவேன். கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் இறங்கவே இல்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டாள். ஒருநாள் அடுப்படியில், யாரும் இல்லாத நேரத்தில், தானாகவே சொன்னாள். "பருப்பு வேவ மாட்டேங்குதுடி. எவ்ளோ நேரம் வெச்சாலும் கல்லாட்டம் கீது." உப்பு என்ற சொல்லை அவள் கிணற்றுக்குப் பக்கத்தில் கொண்டு வரவே மாட்டாள்.

மனு நான்தான் எழுதினேன். கையெழுத்து அக்காவுடையது. நிலத்தடி நீரைக் கண்காணிக்கிற ஆபீஸில் விசாரித்தபோது விஷயம் எளிமையாக இருந்தது. ஆள் வந்து அளப்பார்கள். உப்பு அவர்கள் வைத்திருக்கிற எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தால், பக்கத்து ஆழ்துளைக் கிணற்றை நிறுத்தச் சொல்லி உத்தரவு போடலாம். தாண்டாவிட்டால் புகாரை முடித்துவிடுவார்கள். நான் அளந்தபோது கோட்டைத் தாண்டியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் தாண்டியிருந்தது. நிறுத்தினால் அடுத்த மழையில் கிணறு தேறிவிடும் என்று நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

அதிகாரி வந்தது உச்சி வெயிலில். நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். ஜீப்பிலிருந்து அவரும் போட்டோ எடுக்க ஒருவரும் இறங்கினார்கள். மீட்டர் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. காலையிலிருந்து வெயிலில் வெந்திருக்கும். அவர் அதை எடுக்கும்போதே, தண்ணீரில் விடுகிற ப்ரோப்பின் உலோகம் சுட்டு, கையை உதறிவிட்டுக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டார். அளவு தப்பாகத்தான் வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சூடாக இருந்தால் இந்த மீட்டருக்கு உப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதனால் சூடு எவ்வளவு என்று அதுவே பார்த்து, அதற்கு ஏற்ப எண்ணைக் குறைத்துக் காட்டும்படி செய்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூடு பார்க்கிற சென்சாரும் அதே ப்ரோப்புக்குள்தான் இருக்கிறது. ப்ரோப்பே கொதித்துக்கொண்டிருந்தால், குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரையும் சூடான தண்ணீர் என்று நினைத்து எண்ணைக் குறைத்துவிடும். ப்ரோப் ஆறுகிற வரைக்கும் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் வேஷம் போடும். ஆற ஆற எண் ஏறும். கொஞ்ச நேரம் வாளியிலேயே விட்டுவிட்டு நின்றால் போதும்.

அக்கா ஒரு வாளி இறைத்து வைத்தாள். அவர் ப்ரோப்பை விட்டார். எண் வந்தது. கோட்டுக்குக் கீழே.

"சார், ப்ரோப் சூடா இருக்கு. செட்டில் ஆகட்டும்" என்றேன்.

"மேடம், இது ஆட்டோமேட்டிக். டெம்பரேச்சரை அதுவே பாத்துக்கும்."

"அது பாக்கறது அதோட சூட்டைத்தான் சார், தண்ணியோட சூட்டை இல்ல. எண் ஏறிக்கிட்டே இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். ஏறிக்கொண்டுதான் இருந்தது. "ஒரு பாயிண்ட் ரெண்டு பாயிண்ட் முன்னப் பின்ன இருக்கும்" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, இது நீங்க குடிக்கிற தண்ணிதானே? எப்படி இருக்கு?"

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி குடத்தோடு வந்து நின்றாள். எங்கள் அம்மா எந்த வீட்டார் ஊற்றுவார்கள் என்று காத்து நின்றாளோ, அந்த வீட்டு மருமகள். அவளும் வயதானவள்தான் இப்போது. ஜீப்பையும் மீட்டரையும் பார்த்துவிட்டு, "இன்னா, கெணத்துல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மனுவில் அவள் போட்ட கையெழுத்து, வேகாத பருப்பு, நாங்கள் அடுப்படியில் பேசியது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

"கோளாறு இன்னா கோளாறு" என்றாள். "கல்கண்டாட்டம் கீது சார் எங்க தண்ணி. நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"அக்கா" என்றேன்.

"நீ சும்மா இரு. வந்தவங்கள வெயில்ல நிக்க வெச்சுகினு. சார், நெழலுக்கு வாங்க."

அதிகாரிக்கு வேறென்ன வேண்டும். புகார் கொடுத்தவளே கல்கண்டு என்கிறாள், மீட்டரும் அதையே சொல்கிறது. போட்டோக்காரர் அவசரப்பட்டார். அவர்கள் போனில் ஏற்றுகிற படத்தில் கிணறு தெரிய வேண்டும், புகார்தாரர் தெரிய வேண்டும், மீட்டரின் எண்ணும் தெரிய வேண்டும். வாளி கீழே இருக்கிறது, அக்கா நிற்கிறாள், எல்லாம் ஒரே படத்தில் அடங்கவில்லை. ப்ரோப்பை வாளியிலிருந்து வெளியே எடுத்து, மீட்டரை அக்கா கையில் கொடுத்து, கிணற்றுச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். தண்ணீரில் இல்லாத ப்ரோப் என்ன காட்டும்? எதையோ காட்டியது. வாளியில் பார்த்த எண் திரையில் மறுபடி வருகிற மாதிரி ஏதோ பட்டனை அழுத்தினார்கள். "கொஞ்சம் இப்படிப் பாருங்கம்மா" என்றார் போட்டோக்காரர். அக்கா பார்த்தாள். சிரித்தாள்கூட.

நான் கத்தினேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இது அளவே இல்லை சார், மறுபடி வையுங்கள், ஆறட்டும், நின்ற பிறகு எழுதுங்கள் என்று அவர் பின்னாலேயே ஜீப் வரைக்கும் போனேன். "நீங்க எந்த ஆபீஸ் மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். "தனியாரா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மீட்டரைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அவர்கள் போன பின் அதே வாளித் தண்ணீரை நிழலில் வைத்து என் மீட்டரை விட்டேன். கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண் மெதுவாக ஏறிக் கோட்டைத் தாண்டி நின்றது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. ஊர்க்கார அம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டும் வரை வாசலிலேயே நின்றுவிட்டு, பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"அவ எதிர்ல இன்னாத்த சொல்லச் சொல்ற? அப்பா வெட்டுன கெணறு உப்புன்னு சொல்லணுமா?"

"அப்ப மனு எதுக்குப் போட்ட?"

"அது காகிதம்டி. ஆபீசுல கெடக்கும். இது என் வாயி."

"நெசமாவே உப்பாயிடும்க்கா, அப்ப இன்னா சொல்லுவ?"

"நீ செங்கல்பட்டு பூடுவ. இவங்க மொகத்துல முழிக்கறவ நானு" என்றாள். மீட்டரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவ்வளவு கோபம் அவள் மேல். இரண்டு மாதத்துக்கு நான் ஊருக்கே போகவில்லை.

ஆபீஸிலிருந்து பதில் வந்தது. தண்ணீர் பயன்படுத்தத் தக்க நிலையில் உள்ளது, புகாருக்கு முகாந்திரம் இல்லை. லாரிகள் அதற்கப்புறம் கொஞ்சம் கூடுதலாகவே ஓடின. நான் மேல்முறையீடு என்று இரண்டு மூன்று இடங்களுக்கு எழுதிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அந்தப் போட்டோவைக் காட்டினார்கள். கிணறு, அக்கா, எண். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு கடல் வந்தது. ஒரே நாளில் இல்லை. முதலில் தவலையின் உட்புறம் வெளுத்தது. சோறு மஞ்சளாயிற்று. சோப்பு நுரைப்பது நின்றது. காலனிக்காரர்கள் நிஜத்தை முகத்துக்கு நேரே சொன்னார்கள்: "அண்ணி, கரிக்குது, இனிமே வரமாட்டோம்." அக்கா அதைத் தாங்கிக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. வருவது குறைந்தது, அவ்வளவுதான். அந்த ஊர்க்கார அம்மாள் மட்டும் விடாமல் வந்தாள். அக்கா எப்போதும்போல ஓடிப் போய் இறைத்து ஊற்றுவாள். ஒருநாள் அந்த அம்மாள் மறந்து வைத்துவிட்டுப் போன சும்மாட்டுத் துணியைக் கொடுக்க அக்கா பின்னாலேயே போனாள். தெருமுனையில் அந்த அம்மாள் குடத்தைச் சாய்த்து, எங்கள் தண்ணீரை ஒரு புங்க மரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருக் குழாய்ப் பக்கம் நடந்தாள். அக்கா துணியைக் கொடுக்காமலே திரும்பிவிட்டாள்.

இதை எனக்குப் போனில் சொன்னபோது அவள் அழவில்லை. "எனக்காவ சொமந்துகினு போயிக் கீறா பாரு" என்றாள். "மனு எழுது. இந்த வாட்டி எவ எதிர்ல நின்னாலும் நானே பேசறேன்."

எழுதினேன். எப்படி அளக்க வேண்டும் என்பதையும் அதிலேயே விவரமாக எழுதினேன்: ப்ரோப் வெயில் படாமல் வரவேண்டும், நிழலில் வைத்து அளக்க வேண்டும், எண் நிற்கிற வரை எடுக்கக் கூடாது. என் கூடத்தின் முத்திரையையும் கேட்டு வாங்கி வைத்தேன்.

அதே அதிகாரிதான் வந்தார். காலை நேரத்தில் வந்தார். மீட்டர் ஒரு பெட்டிக்குள் இருந்தது. என்னைப் பார்த்து, "இன்னைக்கு உங்க இஷ்டப்படியே வெப்போம் மேடம்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நல்ல மனதோடு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் ப்ரோப்பை முதலில் அலசினார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்தார். நிழலில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். தெருவே கூடிவிட்டது. எண் ஏறியது, தயங்கியது, கொஞ்சம் திரும்பியது, நின்றது. நின்ற பிறகும் அவர் காத்திருந்தார். என் மீட்டரைப் பக்கத்தில் விட்டுப் பார்த்தேன். அதே எண். இருபது வருடமாக மற்றவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிற அளவு அதுதான். கோட்டை எங்கேயோ தாண்டியிருந்தது.

"அப்ப நிறுத்திடலாம் இல்ல சார்?" என்றாள் அக்கா.

அவர் பெட்டியை மூடினார். "எதைம்மா நிறுத்தறது? குடிதண்ணிக் கிணத்துக்குப் பாதிப்பு வந்தாத்தான் நிறுத்த முடியும். இது குடிதண்ணிக் கிணறே இல்லையே. இந்த அளவு போயிடுச்சுன்னா லிஸ்ட்லயே வராது."

"நல்ல தண்ணியா இருந்தப்பவும் வந்தீங்களே சார். அப்ப ஏன் நிறுத்தல?"

"அப்பதான் நல்லா இருந்துச்சேம்மா. அப்ப எதுக்கு நிறுத்தணும்?"

அவர் எங்களை ஏமாற்றவில்லை. அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. அன்றைய அளவில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நானே கேட்டுக்கேட்டு வாங்கிய சரியான எண், சரியாகவே எங்கள் கிணற்றை மூடிவிட்டது. முதல் தடவை ப்ரோப் ஆறுகிற நேரம் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் எண் இத்தனை சுத்தமாக இருந்திருக்க வேண்டியதில்லை. கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தாலே போதும்.

அவர் தாளில் கடைசி வரியை எழுதாமல் நிறுத்தி, "தண்ணியோட தன்மைன்னு ஒரு இடம் இருக்கும்மா, புகார்தாரர் சொல்றதை எழுதணும். என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் ஊர்ப் பக்கத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அக்கா குனியவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உப்புத் தண்ணின்னு எழுதிக்கோங்க சார்."